1930 போல ஒரு பெருமந்தம் நம் நாட்டுக்கு வருமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2000 வாக்கில் தேயிலை விலை விழுந்து நம் மலை பட்ட பாட்டை அப்பா அடிக்கடி சொல்வார். அதுவே நாடு முழுக்க நடந்தால் அதுதான் பெருமந்தமா? அது எதனால் வருகிறது, வராமல் தடுக்க முடியுமா?" நல்ல கேள்வி. நான் வங்கியில் வேலை பார்த்தவன், அந்தக் காலத்தில் குன்னூர் வட்டாரத்தில்தான் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி 7 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கினால் அது வேகம் குறைவது, அவ்வளவுதான். தொடர்ந்து இரண்டு காலாண்டுக்கு உற்பத்தியே சுருங்கினால் அது மந்தம், பெரும்பாலான நாடுகளுக்கு அவ்வப்போது வந்து போகும். நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ காணாமல் போய், பல வருடங்களுக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அதைத்தான் பெருமந்தம் என்கிறோம். அமெரிக்காவில் 1929-க்கும் 1933-க்கும் இடையில் உற்பத்தி நாலில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது, வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. கிரேக்க நாடு 2008-க்குப் பிறகு ஐந்தாறு வருடத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பொருளாதாரத்தை இழந்தது. நான் பேசப்போவது இந்த அளவைப் பற்றித்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை விழுவதோ, ஒரு சந்தை கைவிட்டுப் போவதோ, பங்குச் சந்தை சரிவதோ தனியாக ஒரு நாட்டைப் படுக்க வைப்பதில்லை. அந்த அடி விழும்போது ஊரெல்லாம் கடனில் இருந்து, வங்கிகளும் சேர்ந்து சாய்ந்து, அதற்கு மேல் அரசும் மத்திய வங்கியும் பணத்தை இறுக்கிப் பிடித்தால்தான் மந்தம் பெருமந்தமாகிறது. முதல் அடியை யாராலும் முழுசாகத் தடுக்க முடியாது, ஆனால் மற்ற மூன்றும் மனிதர்கள் எடுக்கிற முடிவுகள், அதனால் அவற்றைத் தடுக்க முடியும்.

கடன் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் மலையையே எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் நல்ல விலையை நம்பித் தேயிலைக்கு மாறினார்கள். சோவியத் யூனியன் நம் தேயிலைக்குப் பெரிய வாடிக்கை, ரூபாயிலேயே வியாபாரம், தரத்தைப் பற்றி அதிகம் கேள்வி இல்லை. அந்த நாடு 1991-இல் உடைந்தது, ரூபாய் வியாபாரமும் முடிந்தது. இருந்தும் ரஷ்யாக்காரர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், 1998 ஆகஸ்டில் ரூபிள் சரியும் வரை. அதற்குப் பிறகு இரட்டை இலக்கத்தில் இருந்த பச்சைத் தேயிலை விலை 2000 வாக்கில் கிலோ நாலைந்து ரூபாய்க்கு வந்து நின்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன். கிலோ 12.50 ரூபாய் என்றால் அந்தக் கடன் 8,000 கிலோ இலை. கிலோ 5 ரூபாய் என்றால் அதே கடன் 20,000 கிலோ இலை. அவர் புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, ஆனால் அவர் முதுகில் இருக்கிற சுமை இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. இப்போது அவர் என்ன செய்வார்? இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்த்துப் பார்த்துப் பறித்தவர் முற்றின இலையையும் சேர்த்து உருவுவார், எடை வந்தால் போதும் என்று. மலையில் எல்லோரும் இதையே செய்ய, பாக்டரிக்கு மட்டமான இலை குவிந்து, தூளின் தரம் கெட்டு, குன்னூர் ஏலத்தில் விலை இன்னும் இறங்கியது. கடனை அடைக்க ஒவ்வொருவரும் எடுத்த முயற்சியே எல்லோருடைய கடனையும் கனமாக்கியது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குச் சரியானதைத்தான் செய்தார்கள்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1933-இல் இதைத்தான் எழுதினார்: கடன்காரர்கள் எவ்வளவு கட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அவர்கள் கடன் கூடுகிறது என்று. எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டை, நிலத்தை, பங்கை, சரக்கை விற்றுக் கடனை அடைக்கப் பார்த்தால் எல்லாவற்றின் விலையும் விழும், விலை விழ விழ மிச்சக் கடனின் உண்மையான பாரம் ஏறும். 1929-லிருந்து 1933 வரை அமெரிக்காவில் பொதுவான விலைவாசி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இறங்கியது. விலைவாசி இறங்கினால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும், சம்பளமும் வேலையும் அதோடு சேர்ந்து இறங்குகிறபோது அது நல்லதில்லை.

நம் மலைக்கே திரும்பினால், 2000 வாக்கில் எங்கள் வங்கியின் நகைக்கடன் கவுன்டரில் நின்றவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழக்கமாக மே மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால்தான் கூட்டம் வரும். அந்த வருடங்களில் மாதக் கணக்கே இல்லாமல் வந்தார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசுவதற்குள் "தாலிக்கொடி மட்டும் வேண்டாம் சார், மற்றதுக்கு எவ்வளவு வரும்" என்று கேட்ட அம்மா, பத்து நிமிடம் கழித்து அதையும் கழற்றி வைத்தார். மளிகைக் கடையில் பற்று நோட்டு இரண்டாவது நோட்டுக்குப் போனது, கடைக்காரர் மேட்டுப்பாளையத்து மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்தார், கவாத்துக்கு ஆள் விடவில்லை, கூலி வேலை குறைந்தது, கூலிக்காரர் வாங்கும் அரிசி குறைந்தது. ஒருவர் செய்கிற செலவுதான் இன்னொருவருடைய வருமானம் என்பதை அந்தக் கடைத்தெருவில் கண்ணால் பார்த்தோம்.

ஆனாலும் அது பெருமந்தம் இல்லை, தம்பி. ஏன் என்றால் அந்த நேரத்தில் கீழே திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன, கோயம்புத்தூரில் வேலை இருந்தது. ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ச் சம்பாதித்துப் பணம் அனுப்பினார்கள். வங்கி மூடவில்லை, ரேஷன் அரிசி நிற்கவில்லை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நொடித்ததும் அப்படித்தான், தொழில்நுட்பம் மாறி ஒரு தொழில் செத்தது, அதை நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பேரிடி, ஆனால் நாட்டின் மற்ற பகுதி ஓடிக்கொண்டிருந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சாய்ந்தால் பஸ் ஏறிப் போக ஒரு திருப்பூர் இருக்காது. 1930-களில் நம் ஜனங்களுக்கு அதுதான் நடந்தது. இங்கே பஞ்சம் என்றால் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பல் ஏறுவது வழக்கமாக இருந்தது. அந்த முறை ரப்பரும் தேயிலையும் அரிசியும் அங்கேயும் விலை விழுந்துவிட்டதால் போனவர்களே திரும்பி வந்தார்கள்.

அடுத்தது வங்கி. பெருமந்தத்தின் நடு எலும்பு இதுதான் என்பது என் எண்ணம். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நிலைமை உண்மையில் கைமீறிப் போனது 1930-க்கும் 1933-க்கும் இடையில் ஏறத்தாழ 9,000 அமெரிக்க வங்கிகள் மூடியதால்தான். வங்கி நம் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கிறது. ஒரே நாளில் எல்லோரும் வந்து கேட்டால் எந்த நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது. அது தெரிந்ததும் இன்னொரு வங்கி வாசலிலும் வரிசை நிற்கும். மூடுகிற ஒவ்வொரு வங்கியோடும் ஊர்க்காரர் சேமிப்பும் போகும், வியாபாரிக்குக் கிடைத்த சுழற்சிக் கடனும் போகும். அந்த நாட்டில் புழங்கிய பணத்தின் அளவே மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. 1913-லேயே தொடங்கப்பட்ட மத்திய வங்கி அங்கே இருந்தது, அது வங்கிகளுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். செய்யவில்லை. மாறாக 1931 அக்டோபரில், இத்தனை டாலருக்கு இவ்வளவு தங்கம் என்று போட்டு வைத்திருந்த முடிச்சைக் காப்பாற்ற, வட்டியை ஏற்றியது. அதிபர் ஹூவர் அரசு 1932-இல் வரவு செலவைச் சரிக்கட்ட வரியை ஏற்றியது. 1930-இல் போட்ட ஸ்மூட்–ஹாலி இறக்குமதி வரிச் சட்டத்துக்கு மற்ற நாடுகள் பதிலுக்கு வரி போட, உலக வியாபாரமே சுருங்கியது. ஜெர்மனியில் புரூனிங் அரசு இன்னும் மோசம், சம்பளத்தையும் செலவையும் வெட்டிக்கொண்டே போனது, அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள், அதற்குப் பிறகு அங்கே ஆட்சிக்கு வந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தியாவில் அப்போது ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பவுண்டோடு கட்டி வைத்திருந்தார்கள். விளைபொருள் விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது, நிலவரியும் வட்டியும் அப்படியே நின்றன. 1931-க்குப் பிறகு நம் வீடுகளின் தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. அந்த அம்மாவின் தாலிக்கொடியைப் பற்றிச் சொன்னேனே, அதையே ஒரு தேசத்தின் அளவில் வைத்துப் பாருங்கள்.

இதே காலத்தில் தப்பித்தவர்களும் உண்டு. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க முடிச்சை அவிழ்த்தது, டிசம்பரில் ஜப்பானில் நிதியமைச்சர் தகாஹாஷி கொரெகியோ அதையே செய்து, அரசுச் செலவையும் கூட்டினார். தங்க முடிச்சை முன்னால் அவிழ்த்த நாடுகள் முன்னால் எழுந்தன, பிடித்துத் தொங்கிய பிரான்ஸ் போன்றவை பின்னால் எழுந்தன. அமெரிக்காவில் 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் வந்து எல்லா வங்கிகளையும் சில நாள் மூடி, கணக்குப் பார்த்து, நல்லதை மட்டும் திறந்தார், அந்த வருடமே வைப்புத் தொகைக் காப்பீட்டுக்குச் சட்டம் வந்தது. எழுந்து வரும்போதே, 1937-இல், "போதும், இனிச் சிக்கனம்" என்று செலவையும் பணத்தையும் இறுக்கினார்கள், உடனே மறுபடி ஒரு சரிவு வந்தது. சரியான காரியத்தைக்கூட முடியும் முன் நிறுத்தக் கூடாது என்பதற்கு அந்த வருடத்தைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

நம் நீலகிரியோடு ஒப்பிட ஒரு நாடு வேண்டுமென்றால் பின்லாந்து. அவர்களும் சோவியத் வாடிக்கையை நம்பியிருந்தவர்கள். 1980-களின் கடைசியில் வங்கிகளின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள், வீடு விலை ஏறியது, உள்ளூர் வட்டியைவிட வெளிநாட்டு வட்டி குறைவு என்று கம்பெனிகள் வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கின. 1991-இல் சோவியத் வியாபாரம் நின்றது. நாணயத்தின் மதிப்பைக் காப்பாற்றப் பார்த்து முடியாமல் 1991 நவம்பரில் குறைத்தார்கள், 1992 செப்டம்பரில் அதன் போக்கில் விட்டார்கள். வெளிநாட்டுக் கடன் வாங்கியவர்களுக்குக் கடன் ஒரே ராத்திரியில் ஊதியது. மூன்று வருடத்தில் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, வேலையின்மை 3 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடு அளவுக்குப் போனது. ஒரே அடிதான் நமக்கும் அவர்களுக்கும் விழுந்தது. நாம் ஒரு பெரிய நாட்டின் ஒரு மூலை என்பதால் தாங்கினோம், அவர்களுக்கு அதுதான் மொத்த நாடு. ஆனாலும் அங்கே அரசு வங்கிகளுக்கு உத்தரவாதம் கொடுத்தது, வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை நிற்கவில்லை, அதனால் கலவரமோ பட்டினியோ இல்லாமல் மீண்டார்கள்.

அப்புறம் இலங்கை. இதைச் சொல்லாமல் நீலகிரியில் யாரும் பொருளாதாரம் பேச முடியாது, இலங்கைத் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அழைத்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் டான்டீ (தமிழக அரசின் தேயிலை நிறுவனம்) தோட்டங்களில் குடியேறியவர்களுக்கு ஹட்டனிலும் பதுளையிலும் இன்னும் சொந்தம் இருக்கிறது. 2022-இல் அங்கிருந்து வந்த போன் எல்லாம் கேஸ் இல்லை, பால்மா இல்லை, ரொட்டிக்கு மாவு வாங்க முடியவில்லை என்றுதான். காரணங்கள் வரிசையாக வந்தன: 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 விழுக்காடாக வெட்டினார்கள், கோவிட்டில் சுற்றுலா நின்றது, 2021-இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விளைச்சலைக் கெடுத்துக்கொண்டார்கள், கையில் இருந்த டாலரை நாணய மதிப்பைப் பிடித்து வைக்கவும் பழைய கடன் கட்டவும் கரைத்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். தேயிலை உற்பத்தி ஒரு வருடத்தில் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவுக்கு இறங்கியது, செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது. 2022, 2023 இரண்டும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பொருளாதாரம் சுருங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், பலர் குழப்பிக்கொள்கிற இடம் இது. 1930-இல் பொருள் கிடந்தது, வாங்கக் காசு இல்லை. 2022 இலங்கையில் ரூபாய் நோட்டு அச்சடித்துக் குவிந்திருந்தது, இறக்குமதி செய்ய டாலர் இல்லை. முதல் வகைக்கு மத்திய வங்கி பணத்தைத் திறந்துவிட வேண்டும், அரசு செலவு செய்ய வேண்டும். இரண்டாவது வகைக்கு அதையே செய்தால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும். அங்கே வட்டியை ஏற்றி, வரியைத் திரும்பக் கொண்டு வந்து, கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும், இலங்கை 2022 ஏப்ரலில் ஒரே அடியாக 7 விழுக்காட்டுப் புள்ளிகள் வட்டியை ஏற்றியது அதனால்தான். "நோட்டு அடித்தால் போதும்" என்பவரும் "எப்போதும் சிக்கனம்தான் வழி" என்பவரும் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள்.

சரி, தடுப்பது எப்படி? பெரும்பாலான வேலை நல்ல காலத்தில்தான் நடக்க வேண்டும். விலை உச்சத்தில் இருக்கும்போது அந்த விலையை நம்பி எல்லோரும் கடன் வாங்குவார்கள், வங்கிகளும் கொடுக்கும், அப்போது "போதும்" என்று சொல்ல ஒரு ரிசர்வ் வங்கி வேண்டும், அதைச் சொன்னதற்காக அதன் மேல் பாயாத அரசும் வேண்டும். டாலரில் சம்பாதிக்காதவன் டாலரில் கடன் வாங்கக் கூடாது, அது கம்பெனிக்கும் பொருந்தும் நாட்டுக்கும் பொருந்தும். நாணயத்தின் மதிப்பைக் கௌரவமாக நினைத்துப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. வருமானம் நன்றாக வரும் வருடங்களில் அரசு தன் கடனைக் குறைத்து வைத்தால்தான் கெட்ட வருடத்தில் தாராளமாகச் செலவு செய்ய முடியும்.

அடி விழுந்த பிறகு வேகம்தான் முக்கியம். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது 1930 மறுபடி வந்துவிட்டது என்றுதான் பலர் பயந்தார்கள். 1930-களின் வங்கி வீழ்ச்சியை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பென் பெர்னான்கி அப்போது அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்தது உலகத்தின் அதிர்ஷ்டம். வங்கிகளுக்குப் பணம் கேட்காமல் போய்ச் சேர்ந்தது. வேலையின்மை 10 விழுக்காட்டோடு நின்றது, 25-க்குப் போகவில்லை. பெரிய வங்கிக்காரர்களைத் தண்டிக்காமல் காப்பாற்றினார்கள், வீடு இழந்த சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் உதவவில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு, அது நியாயமான கோபம். ஆனாலும் வங்கிகளை விழ விட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள்தான் இன்னும் மோசமாக அடிபட்டிருக்கும். நம் நாட்டில் 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் உற்பத்தி ஏறத்தாழ 24 விழுக்காடு விழுந்தது, ஊட்டியில் ஒரு லாட்ஜ் திறக்கவில்லை. கடன் தவணைக்கு ஆறு மாதம் அவகாசம், இலவச அரிசி, நூறு நாள் வேலை எல்லாம் சேர்ந்துதான் அந்த அடி பெருமந்தமாக மாறாமல் பார்த்துக்கொண்டன. கையில் கொடுத்த பணம் இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் நாட்டுக்கு வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1906-இல் சென்னையில் வங்கித் தொழில் செய்த ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தபோது கேட்க நாதியில்லை, 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் மூடியபோதும் வைப்புத் தொகைக்குக் காப்பீடு இல்லை. 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் விழுந்த பிறகுதான் விழித்துக்கொண்டு 1962-இல் காப்பீடு கொண்டு வந்தார்கள். இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 1991-இல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் வைத்துக்கொண்டு, தங்கத்தை அடகு வைக்க விமானத்தில் அனுப்பினோம், இன்று கையிருப்பு 600 பில்லியன் டாலருக்கு மேல். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் தள்ளாடியபோது சில நாளிலேயே ஸ்டேட் பேங்கை முன்னால் நிறுத்தித் தாங்கிப் பிடித்தார்கள். அதனால் 1930 மாதிரி ஒன்று உடனே வரும் என்று நான் பயப்படவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. குடும்பங்களின் கடன் சுமை ஏறிக்கொண்டே போகிறது, அதுவும் தொழிலுக்கில்லாமல் செலவுக்கு வாங்குகிற கடன். நம் மலையிலேயே ஒரு வீட்டில் நாலு குழுக் கடன், ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கட்டுவது சாதாரணமாகிவிட்டது. இந்தக் குடும்பங்களுக்கு ஒரு சின்ன அடி போதும், அப்புறம் கடைத்தெருவுக்கு என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு என்று கேட்டால்: தேயிலை நல்ல விலைக்குப் போகிற வருடத்தில் அந்த விலையை வைத்துக் கடன் கணக்குப் போடாதீர்கள், பாதி விலைக்குப் போனாலும் கட்ட முடியுமா என்று பாருங்கள். 5 லட்சத்துக்கு மேல் சேமிப்பு இருந்தால் இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு அந்தக் காப்பீடு உண்டு, ஊரில் இருக்கிற தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், பைனான்ஸ் கம்பெனிக்கும், சீட்டுக்கும் கிடையாது. நாட்டின் நிலைமையைத் தொடர்ந்து பார்க்க ஆசை என்றால் பங்குச் சந்தை எண்ணை விட்டுவிடுங்கள், ரிசர்வ் வங்கி வருடத்துக்கு இரண்டு முறை நிதி நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகிறது, அதில் வங்கிகளின் வாராக்கடன், குடும்பங்களின் கடன் இந்த இரண்டு பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கடனில் ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.